எஞ்சின் நின்றிருந்தது

படம் எடுக்கிறவர்கள் முதன்முதலாக வீட்டுக்கு வந்துபோன அன்றைக்கே நானாவிடம் சொன்னேன், வேண்டாம் என்று. வேலியில் போற ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொள்ளாதீர்கள் என்றேன். எனக்கு வாய் நீளம் என்று மாம்புரி முழுக்கப் பெயர். அவருக்கு முன்னால் மட்டும் அந்த வாய் எப்போதும் பாதியில் நின்றுவிடும். நானா என் கூடப்பிறந்த மூத்தவர். மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எங்களை எல்லாம் இயக்கக்காரர்கள் விரட்டியபோது உம்மாவையும் என்னையும் வள்ளத்தில் ஏற்றி இந்தக் கரையில் இறக்கியவர். ஓலைக் கொட்டில் போட்டுக் கடலுக்குப் போய் என்னைப் படிக்கவைத்து டீச்சராக்கியவர். அவரிடம் எப்படி மறுத்துக் கதைப்பது?

"வரட்டும் புள்ள. இந்த முறையாவது கேப்பாங்க" என்றார்.

அவர் கேட்கச் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான். யுத்த காலத்தில் அவருடைய மூத்த மகனைக் கடலில் சுட்டார்கள். அப்போதெல்லாம் பாஸ் இல்லாமல் கடலுக்குப் போக முடியாது. ரோந்துப் படகைக் கண்டால் எஞ்சினை நிறுத்தவேண்டும், எழுந்து நின்று பாஸை உயர்த்திக் காட்டவேண்டும், அதுதான் சட்டம். அன்றைக்குக் காலையில் படகில் இருந்தது தகப்பனும் மகனும் மட்டும். ரோந்துப் படகு தெரிந்ததும் நானா எஞ்சினை நிறுத்தினார். பிள்ளை பாஸோடு எழுந்து நின்றான். ஒரு வெடி. சுட்ட சிப்பாய் என்ன சொன்னான் என்றால், எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, படகு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது, பயந்துபோய்ச் சுட்டேன் என்றான். எஞ்சின் நின்றிருந்தால் அது கொலை. ஓடியிருந்தால் அது கடமை. எங்கள் பக்கத்தில் அதைக் கண்ணால் கண்ட சாட்சி நானா ஒருவர்தான்.

அவனை விசாரிக்க இராணுவ நீதிமன்றம் கூடியது. அதுவே பெரிய காரியம் என்று அந்தக் காலத்தில் எங்களுக்குச் சொன்னார்கள். நானாவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். விடியற்காலை சுபஹுத் தொழுதுவிட்டுப் போனவரை ஒரு கொட்டகையில் மர வாங்கில் இருத்திவைத்தார்கள். வெயில் ஏறி, இறங்கத் தொடங்கியும் கூப்பிடவில்லை. மகனைப் புதைத்த நாள் முதல் நித்திரை இல்லாத மனிதன், வாங்கிலேயே சரிந்து கண்ணயர்ந்துவிட்டார். எழுப்பி நேரே உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். மேசையில் குர்ஆனை வைத்து, கையை வைத்துச் சத்தியம் செய் என்றார்கள்.

நானா கையை நீட்டினார், பிறகு சட்டென்று இழுத்துக்கொண்டார்.

தூங்கி எழும்பினால் வுழு முறிந்துவிடும். கைகால் முகம் கழுவிச் சுத்தமாகாமல் எங்களில் யாரும் குர்ஆனைத் தொட மாட்டோம். தவழ்கிற பிள்ளை அதன் பக்கம் கையை நீட்டினால்கூட உம்மாமார் தட்டிவிடுவார்கள். நானா அதிகம் விளக்கவில்லை. "எனக்கு வுழு இல்ல, கொஞ்சம் தண்ணி தாங்க" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் விளக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பிறந்ததிலிருந்து அவரைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அங்கிருக்கிறவர்களுக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார். மொழிபெயர்க்க நின்றவனுக்கு அது என்னவென்றே தெரியாது. இந்த ஆள் புத்தகத்தைத் தொட முடியாது என்கிறார் என்று சொல்லிவிட்டான். சரி, சும்மா வாயால் சொல்லட்டும் என்றார் நீதிபதிகளில் பெரியவர். நானா வாயால் சொன்னார். பிறகு சிப்பாய்க்காக வாதாடின அதிகாரி எழுந்து, தன்னுடைய வேதத்தைத் தொடப் பயப்படுகிற ஒருவனின் சொல்லை நம்பியா இந்தப் பிள்ளையின் வாழ்க்கையை அழிக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். அவ்வளவுதான். குற்றம் நிரூபிக்கப்படவில்லை.

அந்தச் சிப்பாயைப் பற்றி நானா ஒரு நாளும் கெட்டதாகக் கதைத்ததில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். அவனும் அங்கே அழுதுகொண்டுதான் நின்றானாம். மகனின் வயதுதான் இருக்குமாம். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லையாம். பயத்தில் சுட்டிருப்பான், ஆனால் எஞ்சின் ஓடியது என்று அவனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்பார் நானா. நான் அவனைச் சபிப்பேன். அவர் என் வாயை அடக்குவார். பயந்ததற்கு அல்லாஹ் அவனை மன்னிப்பான், பொய்யை மட்டும் அவன் திருப்பி எடுக்கவேண்டும் என்பார்.

படம் எடுக்க வந்த டைரக்டர் கொழும்புச் சிங்களவர். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம், வாசலிலேயே நாலு கதை கொடுத்து அனுப்பியிருப்பேன். சிங்களவர்கள் எங்கள் ஆண்கள் எல்லாரையும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள், கடைக்காரனையும் அப்படித்தான், பிச்சைக்காரனையும் அப்படித்தான். இவர் கூப்பிட்டதில் மரியாதை இருந்தது. நானாவின் காலடியில் பாயில் இருந்து கதையைக் கேட்டார். நானா சொல்லச் சொல்ல நான் சிங்களத்தில் மாற்றிச் சொன்னேன். தண்ணீர் கேட்ட இடம் வந்ததும் அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நானா சொன்ன ஒரு வார்த்தையையும் மாற்ற மாட்டேன் என்று சத்தியம் செய்தார். சத்தியம் செய்ய அவருக்குத் தண்ணீர் ஒன்றும் தேவைப்படவில்லை.

சுட்டவனையும் மனிதனாகக் காட்டப்போகிறேன் என்றார். அதையும் நானாவுக்கு மாற்றிச் சொன்னேன். நானாவே அவனை மனிதனாகத்தானே சொல்லிவந்தார்.

நடிகர்களுக்கு எங்கள் பேச்சைப் பழக்க என்னையே பிடித்தார்கள். கொழும்பிலிருந்து வந்தவர்கள் தொலைக்காட்சித் தமிழில் 'ஆம் தந்தையே' என்று தொடங்க, 'ஓம் வாப்பா என்று சொல்லுங்க மகன், நாடகமா போடுறீங்க' என்று நான் பிரம்பில்லாத டீச்சராக அவர்கள் பின்னால் திரிந்தேன். முந்தல் ஊருக்கு அந்தப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு இறால் பண்ணைக் கட்டடத்தைத்தான் நீதிமன்றமாக்கினார்கள். மேசை, கொடி, கதிரைகள், சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடம் வரைக்கும் நானா சொன்னபடியே அமைத்திருந்தார்கள். கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியபோது நானா வாசலில் நின்றுவிட்டார். உள்ளே வர மாட்டேன் என்றார். டைரக்டருக்கு ஒரே சந்தோஷம். அவ்வளவு உண்மையாக வந்திருக்கிறதாம்.

கடல் காட்சிக்கு நானாவே படகில் ஏறினார். எஞ்சினை எப்படி நிறுத்தினார், நின்ற பிறகு படகு எவ்வளவு தூரம் சும்மா வழுக்கிப் போனது, எல்லாம் செய்து காட்டினார். எஞ்சின் நின்றாலும் படகு உடனே நிற்காது, கொஞ்சம் ஓடித்தான் நிற்கும் என்று அவர் சொன்னதை டைரக்டர் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். இதை ஏன் திருப்பிக் கேட்கிறார் என்று அப்போதே எனக்குப் பட்டது. நானா முகத்தைப் பார்த்தேன். வயசு போன மனிதன், பெருநாளைக்குப் புதுச்சட்டை போட்ட பிள்ளை போல இருந்தார். அந்த நீதிமன்றம் கேட்காததை இந்தப் படம் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார் பாவி மனிதர்.

சாட்சிக் காட்சி எடுத்த நாளில்தான் நான் டைரக்டரோடு சண்டை பிடித்துக் கிழிபட்டேன்.

நடிகர் கையை நீட்டினார், இழுத்துக்கொண்டார். கமரா கிட்டப்போய் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்து வரவேண்டியது, எனக்கு வுழு இல்ல, தண்ணி தாங்க. நான் அதை நடிகருக்கு எத்தனையோ தரம் பழக்கியிருந்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. காட்சி முடிந்தது என்றார்கள். மறந்துவிட்டார் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். மறக்கவில்லை. அந்த வசனம் வேண்டாம் என்று டைரக்டர் காலையில் எடுத்துவிட்டாராம்.

ஏன் என்று கேட்டேன். மெதுவாக, பொறுமையாக விளக்கினார். அந்த வசனம் இருந்தால் எல்லாம் தெளிவாகிவிடுமாம். தெளிவாகிவிட்டால் பார்க்கிறவர்களுக்கு யோசிக்க ஒன்றுமில்லையாம். உண்மை வாழ்க்கையில் யார் சரி, யார் பிழை என்று யாருக்கும் தெரியாதாம். வாழ்க்கை அப்படித்தான் மங்கலாக இருக்குமாம். எஞ்சின் சத்தத்தையும் அலைச் சத்தத்தையும் பிரித்தறிய முடியாமல் கலந்து வைத்திருக்கிறேன், அதற்கே இரண்டு கிழமை வேலை செய்தோம் என்று பெருமையாகச் சொன்னார்.

'தம்பி, மங்கல் உங்களுக்குத்தான். அவருக்கு மங்கல் இல்லை. அவர் படகுக்குள் இருந்தவர்' என்றேன்.

நானா கையை இழுத்தது நடந்ததுதானே டீச்சர் என்றார்.

ஓம், நடந்தது.

நான் இல்லாத எதையும் சேர்க்கவில்லையே என்றார்.

இல்லை, சேர்க்கவில்லை. கையை வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டீர்கள் என்றேன். முஸ்லிம்கள் பார்த்தால் அவர்களுக்குப் புரியும்தானே என்றார். மற்றவர்களுக்கு? அவர்கள் தங்களையே கேட்டுக்கொள்வார்கள் என்றார். அல்லாட காவல்! சந்தையில் மீன் வாங்கும்போதே செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒருவரும் நம்புவதில்லை. ஆனால் ஒரு மனிதனைப் பொய்யன் என்று நம்புவதற்கு யாராவது இரண்டாம் தரம் கேட்டுப் பார்த்திருக்கிறார்களா? கத்தினேன். லைட் பிடிக்கிற பிள்ளைகள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். டைரக்டர் கோபப்படவில்லை. உங்கள் வலி எனக்கு விளங்குகிறது என்றார். விளங்கினவர்களோடு சண்டை பிடிப்பது கல்லில் நார் உரிக்கிற வேலை.

சிப்பாய்க்கு மட்டும் அவர் ஒன்றையும் மங்கலாக விடவில்லை. அவனுக்குத் தாய் இருந்தாள், அவளிடமிருந்து பொதிசோறு வந்தது, அந்தக் கிழமை அவனுடைய கூட்டாளி ஒருவன் குண்டுப் படகு மோதிச் செத்திருந்தான், ஏன் பயந்தான் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறவர்களுக்கு ஊட்டியிருந்தார். எனக்கு அதில் வழக்கில்லை. அவனுக்கும் தாய் இருந்திருப்பாள்தான். அவனை மனிதனாக்குவதற்கு எங்கள் ஆளைப் பொய்யனாக்கவேண்டியிருந்தது ஏன் என்றுதான் கேட்கிறேன். இன்றைக்கும் கேட்கிறேன். நடுநிலை என்று சொல்லி நடுவில் நிற்கிறவன், எப்போதும் எங்கள் காலின் மேல்தான் ஏறி நிற்கிறான்.

வீட்டுக்கு வந்து நானாவிடம் சொன்னேனா என்றால், சொன்னேன். தண்ணீர் கேட்கிற வசனத்தை எடுத்துவிட்டார்கள் என்றேன். அவர் சிரித்தார். படத்தில் சுற்றிவளைத்துக் காட்டுவார்கள், உனக்கு அவசரம் என்றார். அந்த மனிதன் என் கதைக்கு அழுதவன், பொய் சொல்ல மாட்டான் என்றார். அழுதவன் பொய் சொல்ல மாட்டான் என்று இந்த மனிதருக்கு யார் படித்துக்கொடுத்தார்களோ.

படம் வெளியாகுமுன் சிலாபத்தில் ஒரு மண்டபத்தில் போட்டுக் காட்டினார்கள். எங்களுக்கு வேன் அனுப்பினார்கள். நானா சேட்டுக்கு இஸ்திரி போடச் சொல்லி, தொப்பி போட்டு, அத்தர் பூசிக்கொண்டு வந்தார். முன் வரிசையில் நடுவில் இருத்தினார்கள். நான் பக்கத்தில்.

நன்றாக எடுத்திருந்தார்கள். அதைச் சொல்லாவிட்டால் நானும் வசனத்தை வெட்டுகிறவள் ஆகிவிடுவேன். கடலைக் கடலாகவே காட்டியிருந்தார்கள். தாயின் சோற்றுப் பொதியைச் சிப்பாய் பிரிக்கிற இடத்தில் அவன் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நானே நினைத்தேன். பிறகு படகு வந்தது. சத்தம் வந்தது, எஞ்சினா அலையா தெரியவில்லை. படகு வழுக்கிக்கொண்டு வந்தது. நிறுத்திய படகு வழுக்குகிறதா, ஓட்டுகிற படகு வருகிறதா, தெரியவில்லை. வெடி. பிறகு நீதிமன்றம். கை நீண்டது. கை பின்னுக்குப் போனது. திரை முழுக்க அந்தக் கை மட்டும். மண்டபத்தில் ஒரு மூச்சுச் சத்தம் எழும்பியது. எங்களுக்குப் பின்னால் இருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சிங்களத்தில் சொன்னார், பார்த்தாயா, சத்தியம் செய்யப் பயப்படுகிறான், அப்படியென்றால் எஞ்சின் ஓடித்தான் இருக்கிறது என்று. ஒரு பெண், 'பவ்' என்றாள். பாவமாம். சிப்பாயைச் சொன்னாள்.

நானாவுக்குச் சிங்களம் பேசத்தான் வராது, கேட்டால் விளங்கும். வழக்குக்குப் பிறகு மீன் ஏலத்தில் பழகின காது, ஒரு சொல் தப்பாது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் நீதிபதிகள் தீர்ப்புச் சொல்ல எழுந்தார்கள், திரை கறுத்துவிட்டது. தீர்ப்பு இல்லை. எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானா மட்டும் கதிரையில் இருந்தார், இன்னும் மிச்சம் இருக்கிறது என்று நினைத்து.

படித்த அம்மா ஒருவர் வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உண்மை என்ன என்று யாருக்கும் தெரியாதுதானே நானா, அதுதான் இந்தப் படத்தின் அழகு என்றார். நானா அவர் முகத்தைப் பார்த்தார். "ஒவ் நோனா" என்றார். ஓம் அம்மா என்று. மரியாதைக்குச் சொன்னாரா, வேறு எதுவும் வாயில் வரவில்லையா, எனக்குத் தெரியாது. எனக்கு அந்த மண்டபத்தையே கொளுத்தவேண்டும் போல இருந்தது.

டைரக்டர் பிறகு இரண்டு தரம் வந்தார், வெளிநாட்டில் பரிசு கிடைத்தது என்று இனிப்பும் கொண்டுவந்தார். நானா அவரை உபசரித்தார். நான் குசினியை விட்டு வெளியே வரவில்லை.

பிறகு படம் எல்லாருடைய போனுக்கும் வந்துவிட்டது. ஊரில் ஆரம்பத்தில் எங்கள் ஆட்கள் ஆத்திரப்பட்டார்கள், வுழு இல்லாததை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் பார் என்று. அது கொஞ்சக் காலம்தான். கனமூலைப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் எங்கள் சொந்தக்காரர் ஒருவரே என்னிடம் இரகசியமாகக் கேட்டார், படத்தில் பார்த்தால் படகு ஓடிவந்த மாதிரித்தான் இருந்தது, உண்மையில் என்ன நடந்தது டீச்சர் என்று. சோற்றுப் பீங்கானை வைத்துவிட்டு எழுந்துவந்துவிட்டேன். நல்ல புரியாணி. வீணாகப் போனது.

நானாவோ அந்தக் கதையையே விட்டுவிட்டார். மனைவி மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகு அவர் எங்கள் வீட்டு வளவில்தான் இருக்கிறார். முன்பெல்லாம் யார் வந்தாலும் சுற்றிச்சுற்றி அந்தக் காலைக்கு வந்து நிற்பார். எஞ்சினை நிறுத்தினேன், பிள்ளை எழும்பினான். நாங்களே அலுத்துப்போகிற அளவுக்குச் சொல்லியிருக்கிறார், ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல். படத்துக்குப் பிறகு இல்லை. ஆறிவிட்டது போல என்றார் என்னைக் கட்டிய மாப்பிள்ளை. நானும் அப்படித்தான் நம்ப ஆசைப்பட்டேன்.

போன மாதம் ஒரு நாள் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்து முற்றத்தில் கதிரையில் இருந்தார். பால் விடாத பிளேன்டியும் கருப்பட்டித் துண்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துக்கொண்டே தானாகத் தொடங்கினார். அன்றைக்குக் கடல் நல்ல அமைதி என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பழைய ஆள் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்துப் பக்கத்தில் குந்தினேன்.

"புள்ள பாஸத் தூக்கிட்டு எழும்பினான். சிவப்புச் சேட்டு. வெயில்ல பளிச்சுண்டு இருந்திச்சு" என்றார்.

பிள்ளை அன்றைக்குச் சிவப்புச் சேட்டுப் போடவில்லை. அவன் போட்டிருந்தது என் மாப்பிள்ளையின் பழைய சாம்பல் நிறச் சேட்டு. மையத்தாக அவனைத் தூக்கிக் கொண்டுவந்தபோது அதைக் கத்தரித்துக் கழற்றியது நான்தான். சிவப்புச் சேட்டுப் போட்டவன் படத்தில் நடித்த பெடியன். கடலின் நீலத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று டைரக்டர் தெரிந்தெடுத்த சேட்டு.

"சிவப்பு இல்ல நானா, சாம்பல். இவர்ட சேட்டு" என்றேன்.

"சாம்பலா?"

"ஓம்."

கண்ணைச் சுருக்கிக்கொண்டு எதையோ தேடினார்.

"அப்ப எஞ்சின்? எஞ்சின நான் நிப்பாட்டினதா?" என்று கேட்டார்.

"நிப்பாட்டினீங்க நானா. நிப்பாட்டிட்டுத்தான் புள்ள எழும்பினது."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்? நீ அங்க இருக்கல்லியே."

"நீங்க சொன்னீங்க" என்றேன்.

"நான் சொன்னதுதானே" என்றார் நானா, அது ஒரு பெரிய விஷயமில்லை என்பது போல. பிளேன்டியைக் குடித்து முடித்துவிட்டு, கோப்பையை என்னிடம் நீட்டினார்.